சத்தம் போடாத கம்ப்யூட்டர்

பட்ஜெட் இடிக்கும்போது கலர் லைட்டுக்குக் காசு போடக் கூடாது மேடம். கேம் விளையாடக் கம்ப்யூட்டர் கட்டுகிற பிள்ளைகள் முதலில் ஏமாறுவது அங்கேதான். கண்ணாடிக் கேபினெட், உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி சீரியல் செட். அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். சரணுக்கும் அதைத்தான் சொன்னேன். நல்ல யோசனைதான், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் கிருபாகரன். ஊர் விருதுநகர், ஐடி கம்பெனியில் வேலை, மேனாம்பேட்டில் சொந்த ஃப்ளாட். பக்கத்து ஃப்ளாட் லோகநாதனுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். அவர் மகன் சரண், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அந்தப் பையன் பிடித்துத் தள்ளியதில் அவர் பீரோ முனையில் மண்டை மோதி ஐசியூவில் கிடக்கிறார் என்று கேஸ் எழுதியிருக்கிறீர்கள். தள்ளியது அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் அவன் வேலை என்று எழுதினால் எனக்கு மனசு ஆறாது. நான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

என் மகள் நிஷா பிளஸ் டூ படிக்கும்போது, கூடப் படிக்கிற பையன் ஒருவன் ரெக்கார்ட் நோட்டு வாங்க வந்தான். மொட்டை மாடியில் நின்று இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். லோகநாதன் அதைப் போனில் படம் பிடித்து, எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ‘பெத்தவங்க கொஞ்சம் கவனிங்கப்பா’ என்று கீழே ஒரு வரி. மொத்தக் குடியிருப்பும் பார்த்தது. நான் கைகூப்புகிற பொம்மையைப் போட்டு, ‘மன்னிக்கவும், இனி நடக்காது’ என்று எழுதினேன். பிறகு ஒரு தகப்பன் கண்டிக்கிற மாதிரி வீட்டில் கண்டித்தேன். அன்றைக்கு அறைக் கதவைச் சாத்தியவள்தான், அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. பரீட்சை முடிந்ததும் என் மனைவி ஜெயப்பிரியா அவளைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போய்விட்டாள்.

சாத்திய கதவுக்கு வெளியே சோற்றுத் தட்டோடு நிற்பது எப்படி இருக்கும் என்று லோகநாதனுக்குத் தெரியாது. தெரியட்டும் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது மேடம், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

அவராகவே வந்து மாட்டினார். “சார், பையன் கம்ப்யூட்டர் வோணும்னு உயிர எடுக்கிறான். அறுவதாயிரம்தான் கீது. படிப்புக்கும் ஆவணும், நீ கொஞ்சம் பாத்து வாங்கிக் குடு சார்” என்றார். என் சோபாவில் உட்கார்ந்து, என் கையால் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். படம் போட்டதே அந்த ஆளுக்கு நினைவில் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கம்ப்யூட்டர் சாமான் வாங்கச் சரணை ரிச்சி தெருவுக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொன்றையும் நானே பொறுக்கினேன். நாலு பக்கமும் இரும்பு மூடிய கறுப்புக் கேபினெட். கதவுக்கு அடியில் கலர் வெளிச்சம் கசியாது. மெதுவாகச் சுற்றுகிற பெரிய ஃபேன். ஹாலில் படுத்திருப்பவர் காதில் விழாது. டக்டக்கென்று தட்டுகிற கீபோர்டு ஒன்றை அவன் ஆசையாகத் தடவிப் பார்த்தான். விலை ஜாஸ்தி என்று சொல்லி, சத்தமில்லாத ரப்பர் கீபோர்டு எடுத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கருக்குப் பதில், காதை முழுக்க மூடுகிற ஹெட்செட். யார் கூப்பிட்டாலும் கேட்காது. பிராசசரில் மிச்சம் பிடித்து, செகண்ட் ஹேண்டில் அருமையான கிராபிக்ஸ் கார்டு. எங்கள் பக்கம் மழை பெய்தால் கரண்ட் போகும். அந்தச் சாக்கில் அவன் எழுந்து வெளியே வந்துவிடக் கூடாதே என்று, யூபிஎஸ் மட்டும் என் காசில் வாங்கினேன்.

“அங்கிள், எங்கப்பாகூட இவ்ளோ பண்ணமாட்டாரு” என்றான். பாவம், நல்ல பையன்.

அப்புறம் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. காலேஜில் அரியர் விழுந்தது. லோகநாதன் நெட்டை நிறுத்தினார். என் வைஃபை சுவர் தாண்டி நன்றாகவே கிடைக்கும், பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அவர்கள் வாசல் கதவு திறந்திருக்கும்போது, சரணின் அம்மா ராணி மூடிய அறைக்கு வெளியே தட்டோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

அதோடு விட்டிருப்பேன். ஒருநாள் சாயங்காலம் அப்பனும் மகனும் தெருமுனைக் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். லோகநாதன் ஏதோ சொல்ல, அந்தப் பையன் அவர் தோளில் சாய்ந்து சிரித்தான். நான் காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை செய்தும் அவர் பிள்ளை அவரிடம் சிரிக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை சரணுக்கு ஒரு போட்டி. ஜெயித்தால் பெங்களூரில் ஒரு டீமில் எடுத்துக்கொள்வார்களாம். “இன்னிக்கு மட்டும் யாராவது டிஸ்டர்ப் பண்ணா நான் மனுஷனாவே இருக்கமாட்டேன் அங்கிள்” என்று என்னிடம் சொல்லியிருந்தான். மூன்று மணிக்கு ஆரம்பம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது லோகநாதன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது.

“சார், காலைல இருந்து ஒருவாய் துன்னல. ரூம விட்டு வரவே மாட்டேங்கிறான். நீதான் சார் ஒரு வழி சொல்லணும்.”

மூன்றே முக்காலுக்கு ஆட்டம் முடிந்துவிடும், அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: “பேசிப் பிரயோஜனமில்லை. உள்ளே போய் யூபிஎஸ் வயரைப் பிடுங்குங்க. இப்பவே. அவன் கத்துவான், நீங்க விட்டுக்கொடுக்காதீங்க.” எந்த வயர் என்றும் சொல்லி அனுப்பினேன். பிறகு சுவர் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பீரோ அதிர்ந்தது எனக்குக் கேட்டது. ராணி அலறியதும் கேட்டது. கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

லோகநாதன் கண் திறக்கிறார், பேச்சு வரவில்லை என்று டாக்டர் சொன்னாராம். பையன் உங்கள் லாக்கப்பில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறான். இதையெல்லாம் யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்று என் மகளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இங்கே வந்தேன்.

வருவதற்கு முன்னால் ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டு, நிஷாவிடம் கொடுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். லோகநாதனை உனக்காகப் பழிவாங்கிவிட்டேன் அம்மா என்றேன்.

“அவர் போட்டோதான்பா போட்டாரு. பெல்ட்டை எடுத்தது நீங்க” என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள்.

சின்னப் பெண், கோபத்தில் ஏதோ சொல்கிறாள். அதை விடுங்கள். என்னை ‘அப்பா’ என்று கூப்பிட்டாள் மேடம். லோகநாதன் விழுந்த பிறகுதான் கூப்பிட்டாள், அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.