ஏழு ஜன்னல்களும் ஒரு பூனையும்

எங்கள் வீட்டு ஜன்னல்கள் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று ஒன்றரை மாதமாக என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஒரு பொட்டுத் தூசி இல்லை, ஒரு விரல் ரேகை இல்லை. அந்தப் பாராட்டை நான் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன். அது தவறு என்று இன்று சொல்கிறார்கள்.

அவள் கேட்டபடியே இதை எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேனாம். கொட்டகையில் என் மின்சூளைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். துணி சுற்றிய கை மூடியின் பிடிமேல் இருக்கிறது. மாமியாரும் மைத்துனனும் எதிரே நிற்கிறார்கள். உள்ளே முந்நூறு டிகிரி. நாளை மறுநாள் வரை திறக்கக் கூடாது. ஆகவே நான் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

தொலைநோக்கி செய்ய நினைக்கிறவனுக்கு முதலில் வேண்டியது கனத்த கண்ணாடிப் பாளம். அதைத் தேய்த்துக் குழித்து வெள்ளி பூசுவதெல்லாம் பிறகு. நான் ஆசைப்பட்டது சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது, இரண்டு விரல் கனம். அந்தக் கனத்தில் எங்கள் பக்கம் யாரும் விற்பதில்லை. ஏழு மெல்லிய கண்ணாடிகளை வட்டமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூளையில் இளக வைத்து ஒட்ட வேண்டும். அப்புறம் நாலு நாள் மெதுவாக ஆறவிட வேண்டும்.

முதல் தடவை கையில் கிடைத்ததைப் போட்டேன். மேசைக் கண்ணாடி, அலமாரிக் கதவு, ஒரு பழைய மீன்தொட்டியின் பக்கச்சுவர். ஆறும்போது படீரென்று பிளந்தது. வெவ்வேறு கண்ணாடிகள் வெவ்வேறு அளவுக்குச் சுருங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. சம்பந்தி உறவு மாதிரிதான். சூட்டில் எல்லோரும் ஒட்டிக்கொள்வார்கள், ஆறினால்தான் விரிசல் தெரியும். ஏழு துண்டும் ஒரே பெட்டியில் வந்ததாக இருக்க வேண்டும். கடைக்காரரைக் கேட்டேன். கண்ணாடின்னா கண்ணாடிதானே என்றார். அப்படிப்பட்டவரிடம் வாங்க மனம் வரவில்லை.

என் மாமனார் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஓரவஞ்சனை என்ற பேச்சு வரக் கூடாது என்று, மகள் வீட்டு ஜன்னல்களுக்கும் மகன் வீட்டு ஜன்னல்களுக்கும் ஒரே பெட்டியைப் பிரித்து மாட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு ஏழு. ஏழு என்ற எண்ணை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று எங்கள் வீட்டுக் கண்ணாடிகளைக் கழற்றினேன். திரை அசைந்தால் மின்விசிறி என்றேன். சாரல் அடித்தால் மரச்சட்டம் ஊறிவிட்டது என்றேன். ஒரு குருவி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோது நல்ல சகுனம் என்றேன். மாமியார் அதற்கு ரொட்டி பிய்த்துப் போட்டார்.

மாமியாரின் அறைக் கண்ணாடியை மூன்றாவதாக எடுத்தேன். அவர் கட்டில் ஜன்னலோரம். இரண்டே நாளில் தும்மல் ஆரம்பித்தது. மூன்று டாக்டர்களிடம் நானே அழைத்துப் போனேன், முகம் சுளிக்காமல் காத்திருந்தேன். மூன்றாவது டாக்டர், வீட்டில் ஏதாவது பிராணி உண்டா என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. பூனை உண்டு என்றேன்.

ஒன்பது வருடமாக மாமியாரின் காலடியில் தூங்கிய பூனை. "வாயில்லா ஜீவனை என் மூக்குக்காக வெரட்டுறேனே" என்று அழுதார். கூடையில் வைத்து மைத்துனன் வீட்டில் விட்டு வந்தது நான்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பூனை வழியெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பூனை போயும் தும்மல் நிற்கவில்லை. சோபாவில் ஒட்டிய முடி ஆறு மாதத்துக்கு இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

இன்று காலை மைத்துனன் வந்தான். தன் வீட்டு ஜன்னல்களும் நாலைந்து நாளாகப் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னான். தம்பி வீட்டுக்கு நம் வீடு சளைத்ததா என்று என் மனைவி ஈரத்துணியோடு துடைக்கப் போனாள். கை தோள்வரை வெளியே போய்விட்டது. கொஞ்ச நேரம் வெளியே கையை ஆட்டிப் பார்த்தபடி நின்றாள். எதிர்வீட்டு அம்மாள் பதிலுக்குக் கையாட்டினார்.

"ஏங்க, இங்க இருந்த கண்ணாடி எங்க?"

"சூளையில" என்றேன். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

மாமியார் திட்டவில்லை. ஒரு தும்மல் போட்டுவிட்டு, "அப்போ என் பூனை என்ன பாவம் பண்ணுச்சு, மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். என் மனைவி சூளைப் பக்கம் நடந்தாள். "முழுசா எழுதுங்க. ஒண்ணு மறைச்சீங்கன்னாலும் தெறந்துடுவேன்."

இப்போது திறந்தால் குளிர்காற்று பட்டுப் பாளம் வெடிக்கும். இரண்டு வருட ஆசை. ஆகவே மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பூனையைப் பக்கத்துத் தெரு தையல்காரர் ஆசையாகக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மைத்துனன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்ற பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சூளை வேலையில் ஒரு பாளம் வெடித்தால் இன்னொன்றுக்குக் கண்ணாடி கைவசம் இருக்க வேண்டும். முன்யோசனை குற்றமல்ல.

இதற்குமேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எதிரே நிற்கும் மைத்துனன் இப்போதுதான் அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டான். பூனை முடியாகத்தான் இருக்கும்.