மெதுவாக என்று ஒரு வேண்டுதல்

“மெதுவா எறங்கினா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். அவன் வேகமாதான எறங்கிட்டான். இப்போ குடுக்கணுமா, வேணாமா?”

புத்தூர் தாண்டித் திருப்பதி போய்க்கொண்டிருந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் தன் கணவரிடம் கேட்டாள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன், தன் வீட்டு கார் ஷெட்டிலேயே சின்ன விமானம் ஒன்றைக் கட்டி, முந்தாநாள் முதல்முறையாக ஓட்டியிருக்கிறான் என்பது அதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

“நல்லபடியா எறங்கிட்டேன்னு போன் பண்ணான் இல்ல? அப்புறம் இன்னா?”

“வேண்டுதல்ல மெதுவான்னு சொல்லிட்டேனே.”

“அந்த மாதிரி விமானத்துக்கு சின்ன ரெக்கை முன்னாடி கீது. எறங்கச்சொல்ல வேகம் தொண்ணூறு மைலுக்குக் கொறைஞ்சா மூக்கு கவுந்துடும்னு சொன்னான் இல்ல? உன் பேச்சைக் கேட்டு மெதுவா வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?”



“ஒவ்வொரு போன்லயும் மெதுவா எறங்குப்பா, மெதுவா எறங்குப்பான்னு சொல்லிக்கினே இருந்தேனே.”

“அவனும் கேக்கல, சாமியும் கேக்கல. உட்டுடு.”

“நான் கேட்டதைக் குடுக்காமலே புள்ளையக் காப்பாத்திட்டாரு. அதுக்கு ஒரு தலை பத்தாது. நீயும் குடு.”

கணவர் அன்று காலைதான் டை அடித்திருப்பார் போல. கறுகறுவென்றிருந்த தலையைத் திருப்பதி வரும்வரை தடவிக்கொண்டே வந்தார்.