மஞ்சுக்குருவியின் நான்காவது சுரம்

பறவை பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது காலணியைப் பற்றித்தான். புது ஷூ போட்டுக்கொண்டு காட்டுக்கு வராதீர்கள், இரண்டாம் நாள் குதிகால் கொப்பளிக்கும், மூன்றாம் நாள் என்மேல் கோபம் வரும் என்பேன். சிரிப்பார்கள். பிறகு சட்டை: பச்சை, பழுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். செண்ட் வேண்டாம். அட்டை ஏறினால் பிடுங்காதீர்கள், உப்பைத் தடவினால் தானே விழும். பத்தொன்பது வருடமாக இதையே சொல்கிறேன். என்னோடு வந்தவர் எவரும் கால் சுளுக்கித் திரும்பியதுகூட இல்லை. நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

முந்தாநாள் நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம் போதாது என்று சொன்னீர்கள், ஐயா. சரிதான். இப்போது வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த பேனா நடுநடுவே நிற்கிறது, எழுத்து விட்டுப் போயிருந்தால் அதுதான் காரணம்.

எங்கள் பயணம் நான்கு நாள். முதல் இரண்டு நாள் கீழே மழைக்காட்டில். அங்கே புழுக்கம் ஆளை அவித்துவிடும், பறவைகளோ உச்சாணிக் கிளையில் இருக்கும், எல்லோருக்கும் கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் வேனில் வளைந்து வளைந்து மலையேறி மேகக்காட்டுக்குப் போவோம். அங்கே மரத்துக்கு மரம் பாசி தொங்கும், மேகம் நம் சட்டைக்குள்ளேயே புகுந்துவிடும். கண்ணுக்கு வேலை குறைவு, காதுக்குத்தான் வேலை.

அன்றாடம் சாயங்காலம் விடுதிச் சாப்பாட்டறையில் பட்டியல் எழுதுவோம். நான் ஒவ்வொரு பறவையின் பெயராகப் படிப்பேன். பார்த்தவர்கள் டிக் போடுவார்கள். குரலை மட்டும் கேட்டவர்கள் 'கே' என்று எழுதுவார்கள். 'கே'யும் கணக்கில் சேரும். பார்த்தேன் என்பதற்கும் கேட்டேன் என்பதற்கும் சாட்சி கிடையாது, அவரவர் வாய்ச்சொல்தான். இந்தப் பொழுதுபோக்கே ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதில்தான் நிற்கிறது.

மேல் முகட்டில் மட்டும் இருந்த பறவை மஞ்சுக்குருவி. பார்க்க ஒன்றுமில்லை, சாம்பல் நிறத்தில் கைக்குள் அடங்கும். குரல்தான் விசேஷம். மூன்று சுரம் படிப்படியாக ஏறும், நான்காவது சட்டென்று கீழே இறங்கும். அதை வெளியுலகத்துக்கு முதலில் காட்டியவன் நான். அதைப் பற்றி வந்த செய்தித்தாள் துண்டு இன்றைக்கும் விடுதி வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். என்னிடம் கை கொடுக்கும்போது அந்தக் குருவிக்கே கை கொடுப்பதுபோல் கொடுத்தார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. இரண்டு பருவம் முகடு முழுக்கச் சலித்துப் பார்த்தேன். இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இங்கேதான் என் தங்கை கணவர் வருகிறார். எங்கள் வேனை ஓட்டுபவர். நான் மாப்பிள்ளை என்பேன், மற்ற எல்லோருக்கும் அவர் சீட்டி. இரண்டு விரலும் வேண்டாம், உதட்டைக் குவித்தால் போதும், குக்கரிலிருந்து ரயில் வரை எதையும் சீட்டியிலேயே கொண்டுவந்துவிடுவார். அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது தாமே நாதஸ்வரம் போல் சீட்டியடித்து, நிஜ நாதஸ்வரக்காரரைக் கோபித்துக்கொண்டு போகவைத்தவர். அவ்வளவு விளையாட்டுப் பிள்ளை.

குருவி போன அடுத்த வருடம் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கணவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காலை காத்திருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. வேனுக்குத் திரும்பும்போது புதருக்குப் பின்னாலிருந்து அந்த நான்கு சுரமும் வந்தது. மாப்பிள்ளை வேடிக்கைக்குச் செய்தது. அந்தப் பெரியவர் அப்படியே நின்று, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வெளியே வரப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டி, வராதே என்றேன். அன்று சாயங்காலம் பட்டியலில் இரண்டு 'கே' விழுந்தது.

அதன் பிறகு அது எங்கள் வேலை முறையாகிவிட்டது. டிரைவர் வேனில் தூங்குவார் என்று எல்லோரும் நினைப்பார்கள். அவர் குறுக்குப் பாதையில் ஏறி முகட்டு மூங்கிலுக்குள் உட்கார்ந்துகொள்வார். நான் ஒருமுறை இருமினால் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு முறை இருமினால் ஆட்கள் நெருங்குகிறார்கள், பின்னால் நகர வேண்டும். பத்து வருடத்தில் ஒருமுறைகூட இது பிசகியதில்லை. யாருக்கும் நஷ்டமுமில்லை. வந்தவர்கள் மனம் நிறைந்து போனார்கள்.

இந்த வருடம் மேல் முகட்டு மரங்களை வெட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருந்தது. மஞ்சுக்குருவி இன்னும் அங்கே இருக்கிறது என்று நிரூபித்தால் முகட்டில் கோடரி விழாது. அதற்காக ஓர் ஆராய்ச்சியாளர் அம்மா வந்தார். முறம் அகலத்துக்கு ஒரு வட்டத் தட்டு, அதன் நடுவில் மைக். நூறு அடிக்கு அப்பால் வண்டு பறப்பதையும் அது பிடிக்கும் என்றார். எனக்குப் பயம் வரவில்லை. பத்து வருடமாக நான் கேட்ட குரல் அது, குருவியே வந்து கேட்டாலும் ஏமாந்திருக்கும்.

பயந்தவர் மாப்பிள்ளைதான். மலையேறுவதற்கு முந்தின சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கை கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"மச்சான், இது வேற மாதிரி. இத்தன நாள் வந்தவங்க சந்தோஷமா கேட்டுட்டுப் போனாங்க. இந்தம்மா பதிவு பண்ணி ஊர் உலகத்துக்கே சொல்லப் போறாங்க. என்னால முடியாது."

"இந்த ஒரு தடவ, மாப்பிள்ள. காடு நிக்கணுமா வேணாமா?"

"நிக்கட்டும். உண்மையச் சொல்லி நிக்க வைப்போம். குருவி போய் பதினோரு வருஷமாச்சுன்னு நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

தங்கை தலை நிமிராமல், "அவர் சொல்றதும் சரிதானேண்ணா" என்றாள்.

நான் கோபப்படவில்லை. நாளைக் காலை மட்டும், அதற்குப் பிறகு நாம் இரண்டு பேருமே போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் என்னை நம்பினார். என்னை நம்பாத ஆளை நான் பார்த்ததில்லை. காப்பி ஆறிவிட்டதென்று தங்கை வேறு காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு முகட்டில் இருந்தோம். அந்த அம்மா, ஒரு பல் டாக்டரும் மனைவியும், அக்கா தங்கை இருவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். முன்னால் போகிறவர் முதுகு தெரியாத மூடுபனி. பல் டாக்டர் என் காதில், "எங்கிட்ட வர்ற பேஷண்டாவது அதட்டினா வாயத் திறப்பாங்க, உங்க குருவி அதுக்கும் மேல இருக்கே" என்றார். சிரித்தேன். பிறகு ஒருமுறை இருமினேன்.

குரல் வந்தது. நான்கு சுரமும் சுத்தமாக வந்தது. அந்த அம்மா உடனே பதிவுக் கருவியை முடுக்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது, அது பொய்யில்லை.

அந்த அம்மா நின்ற இடத்தில் நிற்கவில்லை. தட்டை நீட்டிக்கொண்டு மூங்கிலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான் இரண்டு முறை இருமினேன். குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது. அவர் இன்னும் நடந்தார். மறுபடி இரண்டு முறை இருமினேன். இன்னும் தள்ளிப் போனது. மூன்றாவது தடவையும் இருமினேன்.

கல் சரியும் சத்தம் கேட்டது. கொஞ்சம் மண், ஒரு மூங்கில் முறிவது. பிறகு ஒன்றுமில்லை.

"என்ன அது?" என்றார் வங்கி மேலாளர். மான் ஓடியிருக்கும் என்றேன்.

நான்கைந்து நிமிடம் கழித்து மறுபடி குரல் வந்தது. இந்த முறை கீழே, பள்ளத்திலிருந்து. மூன்று சுரம் ஏறியது. நான்காவது இல்லை. மறுபடி மூன்று. மறுபடி நான்காவது இல்லை.

ஐயா, இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மஞ்சுக்குருவி நான்காவது சுரத்தை விடவே விடாது. அது எனக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். விலா எலும்பு முறிந்தவரால் கத்த முடியாது, உதட்டைக் குவிக்க மட்டும் முடியும் என்று மருத்துவர் பிறகு சொன்னாராம். நான்காவது சுரத்தை விட்டு அவர் கூப்பிட்டது என்னை. அங்கே நின்ற ஏழு பேரில் எனக்கு மட்டும் அது விளங்கும் என்று அவருக்குத் தெரியும். விளங்கியது.

அந்த அம்மா திரும்பி, கண் கலங்க, "இந்த மாதிரி குரல் எங்கயுமே பதிவாகல. கீழ இறங்கிப் பாக்கலாமா?" என்று கிசுகிசுத்தார்.

"வேண்டாம்மா. கீழ கூடு இருக்கும்போல. நாம போனா கூட்ட விட்டுட்டுப் போயிடும்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டை நெருங்கக் கூடாது என்பது எங்கள் உலகத்தில் முதல் பாடம். அக்கா தங்கை இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை இருந்தது. நாங்கள் அசையாமல் நின்று இருபத்து மூன்று நிமிடம் கேட்டோம். இடைவெளி போகப் போக நீண்டது. பறவை விலகிப் போகிறது என்று அந்த அம்மா குறிப்பெழுதினார். ஆமாம் என்றேன். நிஜத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு முகட்டில் மறுபடி ஒரு குருவி இருந்தது.

குரல் நின்ற பிறகு இறங்கினோம். டிரைவருக்கு வீட்டிலிருந்து அவசர போன் வந்து போய்விட்டார் என்று சொல்லி வேனை நானே ஓட்டினேன். எல்லோருக்கும் பசி. சாப்பிட்டார்கள், வழக்கமாகச் சாயங்காலம் எழுதும் பட்டியலை அன்றைக்கு யாராலும் சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. அறுபத்து நான்கு பறவை. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் படித்தேன். மஞ்சுக்குருவிக்கு வந்ததும் ஆறு பேரும் சேர்ந்து 'கே' என்று சொல்லிக் கை தட்டினார்கள். நான்கு மணிக்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு தனியாக முகட்டுக்குப் போனேன். பள்ளத்தில் மாப்பிள்ளை ஒரு பாறைமேல் சாய்ந்த மாதிரி கிடந்தார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மதியம் தாண்டியும் உயிர் இருந்திருக்கும் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியது சரியாகத்தான் இருக்கும்.

தங்கையிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். மூன்று வாரம் அந்த வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நானே பார்த்தேன்.

அந்த அம்மா ஊருக்குப் போய்ப் பதிவைக் கருவியில் போட்டு இரைச்சலை வடிகட்டிக் கேட்டிருக்கிறார். பத்தொன்பதாவது நிமிடத்தில், இரண்டு குரலுக்கு நடுவே, ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. முந்தாநாள் அதை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். என் முகம் மாறவில்லை என்று உங்கள் உதவியாளரிடம் சொன்னது காதில் விழுந்தது. மாற என்ன இருக்கிறது, ஐயா. என்னுடையது பழகிய காது. 'மச்சான்' என்று அவர் சொன்னதை நான் அன்றைக்கே, எந்தக் கருவியும் இல்லாமல், முகட்டில் நின்று கேட்டேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. மூங்கிலுக்குப் பின்னால் மண் சரிந்திருந்ததை மாப்பிள்ளையிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முந்தாநாள் கொடுத்த பக்கத்தில் எழுதியிருந்தேன். முந்தின திங்கட்கிழமை பாதை பார்க்கப் போனபோதே அந்தச் சரிவைப் பார்த்தேன். ஆட்கள் வருகிற பக்கம் கயிறு கட்டினேன். மூங்கில் பக்கம் கட்டவில்லை, வீட்டில் காப்பி குடிக்கும்போதும் சொல்லவில்லை. மறக்கவில்லை. மூன்றாவது தடவை இருமும்போது அவர் எவ்வளவு தூரம் பின்னால் போயிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். அவரைக் கொன்றது நான்தான். காட்டுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

என்னை ஏமாற்றுக்காரன் என்று வெளியே பேசுகிறார்களாம். அது மட்டும்தான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் சொந்தப் பட்டியல் விடுதி அலமாரியில், இரண்டாவது தட்டில், நீல அட்டை போட்டு இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். பதினோரு வருடமாக மஞ்சுக்குருவிக்கு நேராக ஒரு டிக்கோ ஒரு 'கே'யோ இருக்காது, அன்றைய தேதியிலும்கூட. பட்டியலில் பொய் எழுதுகிற ஆள் நான் இல்லை.