இரைச்சல் எட்டாத சில நொடிகள்

"சன்னலச் சாத்து! தலையக் குனி!"

யாரோ கத்த, மணவூரில் ரயில் நிற்கிறது. சித்திரை, 1942. மேலே விமான உறுமல். மடியிலிருந்த ரேடியோப் பெட்டி மேல் கவிழ்கிறேன். குண்டு விழவில்லை. விழும் என்றுதான் சென்னைப் பட்டணமே ஓடுகிறது.

திருத்தணியில் அண்ணன் வீட்டில் இறங்கினேன். என் கணவர் சாமுவேல் பட்டாளத்தில் கம்பவுண்டர். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் பிடிபட்டதிலிருந்து கடிதம் இல்லை. பக்கத்து வீட்டுக் கமலாவுக்கும் அதே கதி. அவள் புருஷன் முனுசாமி அதே பட்டாளத்தில் டிரைவர். அவள் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண்.

மாலையில் ஜப்பான் ரேடியோ கைதிகளின் பெயர்களையும் சேதிகளையும் தமிழில் வாசிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு கேட்போம். முதல் பெயர் வந்ததும் கர்ர்ர். எங்கோ இடிக்கிறது, அதன் இரைச்சல் என்றேன்.

"இடி இல்லக்கா. இடி தாறுமாறா வரும். இது தறி கணக்கா ஒரே அளவா வந்துகினு கீது. நாம கேக்கக் கூடாதுன்னு வேணும்னே யாரோ போடறாங்க."

ரேடியோ முள்ளை நகர்த்தினாள். பக்கத்து நிலையங்கள் தெளிவாக இருந்தன. வாசிப்பு முடிந்ததும் இரைச்சலும் நின்றது. மறுநாள் அதே குரலை வேறோர் இடத்தில் பிடித்தாள். இரைச்சல் அங்கே வந்து சேரச் சில நொடிகள் ஆயின. அதற்குள்:

"முனுசாமி, டிரைவர், திருத்தணி. நலம்."

கமலா என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவள் கைகளை விலக்குகிறேன். ரேடியோ என்னுடையது. பெயர் அவள் புருஷனுடையது.

மறுநாள் வந்தாள். வாசலிலேயே நிறுத்தினேன்.

"பேட்டரி தீந்துபோச்சு, கமலா."

"ஐயோ! மாமா பேரும் வருமேக்கா."

பொய் சொன்ன வாயோடு உள்ளே போய் முள்ளைத் திருப்பினேன். எனக்கு அந்தக் காது இல்லை. எங்கு திருப்பினாலும் கர்ர்ர். சுவருக்கு அப்பால் அவள் இருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. எட்டு மாலைகள். பிறகு பேட்டரி நிஜமாகவே தீர்ந்தது.

போர் முடிந்து முனுசாமி திரும்பினான். அவர்கள் வீட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டு அன்றும் எரிந்தேன். மாலையில் இருவரும் வந்தார்கள். சாமுவேல் முகாமில் காய்ச்சலில் போய்விட்டார் என்று அவன்தான் சொன்னான்.

"அண்ணன் சேதியும் ரேடியோல படிச்சாங்க அண்ணி. என்னுது படிச்ச மறுநாளே. கேட்டீங்களா?"

"என்ன எழுதியிருந்தார்?"

"காட்டலையே. சிரிச்சுகினே எழுதினாரு."

பின்னால் நின்ற கமலா என்னைப் பார்த்தாள். அந்த எட்டு மாலைகளின் கர்ர்ர் சுவர் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்கும். பிறகு அவள் என் வீட்டுப் படி ஏறவே இல்லை.

இழந்தது: கணவர், ஒருவர். புதைக்க உடல் கிடைக்கவில்லை. தோழி, ஒருத்தி. அவர் எனக்கென்று எழுதிய கடைசிச் சொற்கள். எத்தனை என்று தெரியாது.