ஊசி கீறிய கோடும் ஒரு குந்துசிங்கியும்

அவையை அமைதியாய் நடத்திவரும் எங்கள் அருங்காட்சியகத் தலைவர் அவர்களே, கடலையும் கல்லையும் கரைத்துக் குடித்த ஆய்வாளப் பெருமக்களே, பிள்ளைகளை மடியில் அடக்கிக்கொண்டு பொறுமையாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் என் ஆருயிர் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இத்தனை பேர் எதற்காகக் கூடியிருக்கிறோம்? விரல் நகத்தளவே உள்ள ஓர் ஓட்டுக்காக! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து, கல்லில் உறைந்து, கேட்பாரற்றுக் கிடந்த சிற்றுயிர் அது. வாலை வயிற்றுக்கடியில் மடக்கிக் குந்தியிருப்பதால் எங்கள் அறையில் அதற்குக் குந்துசிங்கி என்று பெயர். பெயர்தான் சிங்கி, நெருங்கிய சொந்தமோ சங்குக்குள் குடியிருக்கும் சன்னியாசி நண்டு! சிரிக்கிறீர்கள். குடும்பம் என்றால் அப்படித்தான் ஐயா, யார் யாருக்கு உறவு என்பது விசாரித்தால்தான் தெரியும்.

அது புதிய இனம் என்று எப்படி அறிந்தோம்? அதைச் சொல்லப் புகுந்தால் என் பிழையையும் சொல்லியாக வேண்டும்.

எங்களிடம் பதினொரு ஓடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் அழகோ அழகு. அதன் முதுகில், வரிகளுக்கு நடுவே, பிறை போல வளைந்த ஒரு சிறு கோடு. ஏடுகளைப் புரட்டினேன், இல்லை. பிற நாட்டுப் படங்களைப் பார்த்தேன், இல்லை. எங்கும் இல்லாத கோடு என்னிடம் இருக்கிறது! தலைகால் புரியவில்லை எனக்கு. மற்ற பத்தில் அந்தக் கோடு இல்லையே என்று மனம் கேட்டது. அவை தேய்ந்த ஓடுகள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். கட்டுரை எழுதினேன். இதழும் ஏற்றுக்கொண்டது. அச்சுப்படி மேசைக்கு வந்தது.

அன்று காலை, தேநீர் வேளையில், ஊசியக்கா என் அறைக்கு வந்தார். நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் கல்லைச் சுரண்டி ஓட்டை வெளியே எடுப்பவர் அவர். எட்டு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். பணி நிரந்தர ஆணை அந்த வாரம்தான் வரவிருந்தது. கல்லைக் கெடுத்தவருக்கு நிரந்தரம் இல்லை என்பது எங்கள் விதி.

அச்சுப்படியில் இருந்த படத்தைப் பார்த்தார். "தம்பி, இந்தக் கோடு என்ன?" என்றார்.

"அதுதான்க்கா புது இனமே!" என்றேன்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அது இனமில்ல தம்பி. என் ஊசி வழுக்கின தடம். அன்னிக்கே குறிப்புல எழுதியிருக்கணும். வேலை போயிடுமோன்னு பயந்து எழுதாம விட்டுட்டேன்."

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அக்கா, நம்ம ரெண்டு பேரைத் தவிர இது யாருக்குத் தெரியும்?" என்றேன். ஆம், இதே வாய்தான் சொன்னது!

அவர் கோபப்படவில்லை. "இதை நம்பி இன்னொருத்தர் எங்கேயோ உட்கார்ந்து இந்தக் கோட்டைத் தேடுவாரு தம்பி. கிடைக்கலன்னு கல்லு மேல கல்லா உடைச்சுக்கிட்டே இருப்பாரு. பாவமில்லையா?" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அவரோ நேரே அலுவலகம் சென்று, தன் தவறைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்தவர், "பதினொண்ணையும் எடுங்க, மூக்குப் பக்கம் இன்னும் கல்லு ஒட்டியிருக்கு" என்றார். கோட்டின் மேல் கொண்ட மோகத்தில் அந்தப் பக்கமே நான் போகவில்லை! ஏழு வாரம் சுரண்டினார். அறிந்த இனங்களுக்கெல்லாம் மூக்கு முனையின் இருபுறமும் மும்மூன்று பற்கள். இவற்றுக்கோ கண்குழி ஓரத்தில் ஒளிந்திருந்த நான்காவது பல்! ஒன்றில் இருந்ததா? இரண்டில் இருந்ததா? பதினொன்றிலும் இருந்தது! எண்ணிப் பார்த்தேன்; அவரை எண்ணச் சொன்னேன்; பிற அருங்காட்சியகங்களுக்கு அனுப்பி எண்ண வைத்தேன். எல்லோரும் நான்கு என்றார்கள். புதிய இனம் பிறந்தது!

இனத்துக்கு உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டேன். "நண்டுக்கு என் பேரா? வீட்டுல என்னை ஓட்டியே தீர்த்துடுவாங்க, ஆளை விடுங்க" என்றார். ஆகவே கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'முதல் ஓட்டின் முதுகிலுள்ள வளைகோடு உயிரினத்துக்கு உரியதன்று; சுத்தம் செய்கையில் ஏற்பட்டது; இதைத் தெரிவித்தவர், சுத்தம் செய்தவரே.'

பெரியோர்களே, அன்று அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் நிரந்தரப் பணியாளர் ஆகியிருப்பார். நான் உலகறிந்த பொய்யன் ஆகியிருப்பேன். அவர் வாய் திறந்தார். நான் மேடையில் நிற்கிறேன்; அவர் இன்றும் தற்காலிகப் பணியாளராகக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். இது நியாயமா?

கைதட்டல் வேண்டாம் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். தலைவர் அவர்களே, அவருடைய கோப்பு பதினான்கு மாதமாக உங்கள் மேசையில் இருக்கிறது. கல்லைக் கெடுத்தவர் என்று அதில் எழுதியிருக்கிறது. கல்லைக் கெடுத்தவர் அவர்; அறிவைக் கெடுக்க இருந்தவன் நான். எனக்குப் பாராட்டு விழா எடுத்த கையால், அவருக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். பொறுமையோடு செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, கடைசி வரிசையை நோக்கிக் கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.