ஜூட் மீன் கடை நம்பரிலிருந்து வந்த பதில்

எனது பெயர் லின்சி, வயது 34, காலஞ்சென்ற ஜூட் என்பவரின் மனைவி. எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீட்டில், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பெலிண்டாவுடன் வசித்து வருகிறேன். என் கணவரின் தம்பி ஆசீர், நான் மீன் கடையின் செல்போனை எடுத்துச் சென்றுவிட்டதாகவும், அதில் கடைக்கு நஷ்டம் வரும்படி செய்தி போட்டதாகவும் கொடுத்த புகாரின் பேரில் அழைக்கப்பட்டு, மகளையும் என் போனையும் பக்கத்து வீட்டு பேட்ரிசியா அக்காவிடம் விட்டுவிட்டு, இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் பாலக்கரையில் மீன் கடை வைத்திருந்தார். வீட்டுக்கும் கடைக்கும் அவருக்கு ஒரே நம்பர்தான். தினமும் காலையில் மீனைக் கையில் தூக்கிக்கொண்டு, "வணக்கம் மக்களே, நான் ஜூட், இன்னைக்கு சங்கரா வந்திருக்கு" என்று பேசி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸிலும் பேஸ்புக்கிலும் போடுவார். ஸ்ரீரங்கத்தில் சில வீடுகளுக்குக் கடைப் பெயர் இல்லாத பையில் மீன் அனுப்ப வேண்டும். அவர்கள் வீட்டு விஷயத்தை வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு விஷயம் ஒன்று பாக்கியில்லாமல் ஊருக்கே தெரியும். மகளின் ஞானஸ்நானப் படத்துக்குக் கீழே வஞ்சிரம் விலை இருக்கும். எனக்கு டைபாய்டு வந்தபோது, முகம் தெரியாதவர்கள் எல்லாம் கஞ்சி குடிக்கச் சொல்லி மெசேஜ் அனுப்பினார்கள். வீட்டுக்குத் தனி நம்பர் வாங்குங்கள், கடையைத் தனியாக வையுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர், "நம்ம மூஞ்சியப் பாத்துதான் லின்சி வாங்குறாங்க. மூஞ்சி ஒண்ணுதானே இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில், மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு ஆசீர் கடையை எடுத்து நடத்தினார். அவர் கெட்டவர் அல்ல. வீட்டுக்கு அரிசி இறக்கியவரும், மகளின் ஸ்கூல் வேனுக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். அதன் பிறகு, அண்ணன் இறந்த செய்தியைக் கடைப் பக்கத்தில் போட வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "தவக்காலம் வருது அண்ணி, கறி விட்டவங்க எல்லாம் மீனுக்குத்தான் வருவாங்க. ஈஸ்டர் முடியட்டும், சொல்லிக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன்.

அதன் பிறகு போனில் இருந்த பழைய வீடியோக்களையே அவர் போட ஆரம்பித்தார். சங்கரா வந்தால் சங்கரா வீடியோ, நண்டு வந்தால் நண்டு வீடியோ. அடுப்படியில் நான் போனைத் திறந்தால் என் கணவர் சிரித்துக்கொண்டு வணக்கம் சொல்வார். அவர் அதில் போட்டிருந்த நீலச் சட்டை பீரோவில் மடித்து இருந்தது. அந்த நம்பரை நான் பிளாக் செய்திருக்கலாம். செய்யவில்லை. எனக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

பெலிண்டா கல்லறைத் தோட்டத்துக்கு வந்து ஒரு கை மண் போட்ட பிள்ளை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தவக்காலத்தின் நடுவில் அவள் பள்ளியில் ஆண்டு விழா நடந்தது. வண்ணத்துப்பூச்சி நடனத்துக்கு அவள் குழுவைக் கூப்பிட்டபோது அவளை மட்டும் காணவில்லை. நான் தேடிப் போனதில், இறக்கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து நின்றாள். வா என்று கூப்பிட்டேன். "அப்பா வருவாங்கம்மா. கண்டிப்பான்னு போட்டிருக்காங்க. லொகேஷன் கேட்டாங்க, அனுப்பிட்டேன்" என்றாள்.

என் போனை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் எனக்குத் தெரியாமல், ஆண்டு விழாவுக்கு வரச் சொல்லி அப்பாவின் நம்பருக்கு அவள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "கண்டிப்பா. லொகேஷன் அனுப்புங்க" என்று பதில் வந்திருந்தது. கீழே பள்ளிக்கூடத்தின் லொகேஷன் இருந்தது. நான் பார்த்து முடிப்பதற்குள் மேடையில் பாட்டு முடிந்துவிட்டது. அதன் பிறகு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். இறக்கை இடித்ததால் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். ஆசீர் இல்லை. மீன் வெட்டும் அப்துல் சலாம் பாய் மட்டும் இருந்தார். கூட்ட நேரத்தில் குரல் பதிவை எல்லாம் கேட்க முடியாது, எல்லோருக்கும் அந்த ஒரே பதிலைத்தான் அனுப்புவேன், பாப்பா என்று தெரியாது அக்கா என்று சொல்லி, கையைக் கழுவிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மேஜையில் இருந்த போனை எடுத்தேன். அதன் பூட்டு எண் பெலிண்டாவின் பிறந்த நாள், யாரும் மாற்றவில்லை. அன்றைய வீடியோவை நீக்கிவிட்டு, ஸ்டேட்டஸிலும் பேஸ்புக்கிலும் இப்படிப் போட்டேன்: "நான் லின்சி. என் கணவர் ஜூட் பொங்கல் முடிந்த வாரம் இறந்துவிட்டார். நீங்கள் பார்ப்பது பழைய வீடியோ. இப்போது அவர் தம்பி ஆசீர் கடை நடத்துகிறார். மீன் நல்ல மீன்தான்." அதன் பிறகு போனை அணைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். மாலையில் ஆசீர் வந்து, கடையை இழுத்து மூட வைத்துவிட்டீர்களே அண்ணி என்று சத்தம் போட்டார். நான் போனைக் கொடுக்கவில்லை.

இன்று உதவி ஆய்வாளர் சொன்னதன் பேரில் போனை அவர் முன்னிலையில் ஆன் செய்தேன். மெசேஜ்கள் வரிசையாக வந்தன. பலர் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ஒருவர் நெத்திலி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அவற்றுக்கு நடுவில் இன்று காலை என் நம்பரிலிருந்து வந்த ஒரு குரல் பதிவு இருந்தது. அதிகாரி அதைப் போட்டுக் காட்டினார். பேசியது என் மகள். "அப்பா, அம்மா போட்டதப் படிச்சேன். நீங்க வர வேணாம். பரவால்லப்பா."

போனை ஆசீரிடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் புது நம்பர் வாங்கி, அவர் முகத்தைக் காட்டி வியாபாரம் செய்துகொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குரல் பதிவுக்கு யாரும் பதில் போட வேண்டாம்.

நான் சொன்னதைப் பெண் காவலர் எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
ஜூ. லின்சி