ஆயாவுக்குப் போட்ட கேக்கு

ரூத்: ...இல்ல பாஸ்கலண்ணா, இன்னிக்கு நீ வாயத் தொறந்தே ஆவணும். நம்ம தெரு ஜெபக்குழு வாட்ஸ்அப்புக்கு நான்தான் அட்மினு. அல்லாரும் என்னியதான் கேக்குறாங்கோ.

பாஸ்கல்: இன்னாத்த சொல்றது? ஹார்பர்ல ஃபோர்க்லிஃப்டு ஓட்டி ஓட்டி கை மரத்துப் போச்சு ரூத்தம்மா. தவறிப் பட்டுச்சு.

ரூத்: சிலுவையம்மா ஆயா பூட்டாங்கன்னு மெசேஜ் வருது. ஊரே கும்பிடு போடுது. நீ கேக்கு பொம்மை போடுற.

பாஸ்கல்: ஒரு கேக்குதான...

ரூத்: கேக்கு, பலூனு, ரெண்டு கைதட்டு. நாலு தபாவும் தவறிப் பட்டுச்சா?

பாஸ்கல்: நெட்டு வேற ஸ்லோவா...

ரூத்: நெட்டு மேல போடாத. போன வாரம் குரூப்ல டெரிக்குப் பையன் ஒரு நியூஸ் போட்டானே. ஏஐ வந்து, ஹார்பர்ல ஆளே இல்லாம வண்டி ஓடப் போவுதாம். பாஸ்கலண்ணன் வேலை இன்னா ஆவும்னு ரெண்டு நாளு குரூப்பே அடிச்சிகினு கெடந்துச்சு. நீ இன்னா போட்ட?

பாஸ்கல்: இன்னா போட்டேன்?

ரூத்: செவப்பு ஆர்ட்டின் பொம்மை.

பாஸ்கல்: ...அந்த நியூஸா அது?

ரூத்: பாக்கலியா நீ?

பாஸ்கல்: மேலாக்க பாத்தேன்.

ரூத்: ஆயா புள்ள ஆண்ட்ரூ நொந்து போய் கீறாரு. எங்கம்மா சாவுக்கு கேக்கு போட்டவன் குரூப்ல இருக்கக் கூடாதுன்றாரு. சாய்ங்காலம் ஜெபம் முடிஞ்சதும் உன்னியத் தூக்கணும். என் கையாலயே.

பாஸ்கல்: தூக்காதம்மா.

ரூத்: அப்ப சொல்லு.

பாஸ்கல்: என் பொஞ்சாதி பூட்ட அப்பால வூட்ல பேச்சுக்கு ஆளு இல்ல. குரூப்பு டிங்குனு அடிச்சா, நம்மளையும் நாலு பேரு நெனைச்சிகினு கீறாங்கோன்னு இருக்கும்.

ரூத்: அப்ப இன்னாத்துக்குண்ணா கேக்கு?

பாஸ்கல்: ஆயா போட்டோ வந்துச்சு. சுத்தி ரோசாப்பூ. போன மாசம் ஜானட்டு பொறந்தநாளுக்கும் அதே பூவுதான போட்டாங்கோ... ஆயாவுக்கும் பொறந்தநாளுன்னு நெனைச்சிகினேன்.

ரூத்: கீய கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சுன்றாங்களே.

பாஸ்கல்: எழுத்து தெரியாதும்மா எனக்கு. சரக்குப் பெட்டி மேல கீற நம்பரு தெரியும், அத்த வச்சே முப்பது வருசம் ஓட்டிட்டேன். எவன்கிட்டயும் சொன்னதில்ல.

ரூத்: ஆயாவுக்கும் தெரியாதா?

பாஸ்கல்: அதுக்கு மட்டும் தெரியும். சின்ன வயசுல எனக்கு சோறு போட்டதே அதுதான். டூட்டி முடிஞ்சி வரசொல்ல சாவு வண்டி எதுர்ல வருது, உள்ள யாருன்னு பக்கத்துல ஒருத்தன கேக்குறேன், சிலுவையம்மா ஆயான்றான்... கேக்கு போட்டுட்டு, சிரிச்சிகினே வந்திருக்கேன்மா நான்.

ரூத்: அழுவாதண்ணா. ஃபோனக் குடு.

பாஸ்கல்: தூக்கப் போறியா?

ரூத்: குடுன்றேன்ல... இரு, ஆன் பண்ணிட்டேன். இந்தக் குட்டி பொம்மையத் தட்டு. இப்ப ஆயா மெசேஜ் மேல தட்டு. கேளு.

பாஸ்கல்: ...பேசுது. ஆயா பேரச் சொல்லுது.

ரூத்: எது வந்தாலும் படிச்சிக் காட்டும். முதல்ல கேளு, அப்பால பொம்மை போடு.

பாஸ்கல்: இத்தினி நாளு இது உள்ளயே கீதா?

ரூத்: சாய்ங்காலம் ஜெபத்துக்கு ஆண்ட்ரூ வூட்டுக்கு வா. எங்கிட்ட சொன்னத அப்டியே அவராண்ட சொல்லு.

பாஸ்கல்: நாலு பேரு முன்னாடி எப்டிமா... உனக்கு இன்னா, அட்மினு, படிச்ச பொண்ணு. நீ எதுக்கு இந்த பொம்மையெல்லாம் தெரிஞ்சி வச்சிகினு கீற?

ரூத்: எனக்கும் எழுத்து தெரியாதுண்ணா. மூணு வருசமா இதுதான் எனக்குப் படிச்சிக் காட்டுது. ஆண்ட்ரூ வூட்ல நானே மொதல்ல சொல்றேன், அப்பால நீ சொல்லு.